அருள்தந்தை ஹெஸ்பர்க் விட்டுக்கொடுத்ததையும் அச்சிடுங்கள்

கத்தோலிக்கக் கல்லூரிகளின் புதிய முதல்வர்களுக்கும் செயலர்களுக்கும் பயிற்சி நடத்தும் குழுவினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அருள்தந்தையரே, அருள்சகோதரியரே,

சென்ற மாதம் நீங்கள் நடத்திய இரண்டு நாள் பயிற்சியில், பேராசிரியர்கள் சார்பில் அழைக்கப்பட்ட பொதுநிலையினர் (குருக்களோ துறவியரோ அல்லாத கத்தோலிக்கர்) நால்வருள் ஒருத்தியாக நானும் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். முதல் நாள் முற்பகல் எல்லாருக்கும் தரப்பட்ட கையேட்டில், 'முன்மாதிரி நிர்வாகி' என்ற தலைப்பின்கீழ், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்கு 1952 முதல் 1987 வரை தலைவராக இருந்த அருள்தந்தை தியோடர் ஹெஸ்பர்க்கைப் பற்றி நான்கு பக்கங்கள் இருந்தன. அவற்றில் நிறைந்திருந்தவை எண்கள். பல்கலைக்கழகத்தின் மூலதன நிதி 90 இலட்சம் டாலரிலிருந்து 35 கோடி டாலராக உயர்ந்ததும், ஏறத்தாழ 5,000 ஆக இருந்த மாணவர் தொகை 9,600 ஆனதும், ஒரு கோடி டாலருக்கும் குறைவாக இருந்த ஆண்டுச் செலவு 17 கோடியைத் தாண்டியதும் அட்டவணையாகத் தரப்பட்டிருந்தன. எண்களில் பிழை இல்லை. அவற்றை விளக்கிய உரையாளரும், நம் கல்லூரிகள் பழைய மாணவர்களிடம் எவ்வாறு நிதி கேட்க வேண்டும் என்று சொல்லி உரையை முடித்துக்கொண்டார்.

கேள்வி நேரத்தில் எழுந்து, அவருடைய துறவற சபை பல்கலைக்கழகப் பொறுப்பைப் பொதுநிலையினரோடு பகிர்ந்துகொண்ட 1967 ஆம் ஆண்டைப் பற்றி இந்த நான்கு பக்கங்களில் ஏன் ஒரு வரிகூட இல்லை என்று கேட்டேன். அது அமெரிக்கச் சூழலில் நடந்தது, நமக்குப் பொருந்தாது என்று விடை வந்தது. அன்று மாலையே, வரும் கல்வியாண்டு முதல் இந்தக் கையேடு எல்லாக் கல்லூரி நிர்வாகிகளுக்கும் பாடநூலாக வழங்கப்படும் என்று அறிவித்தீர்கள். அந்த அறிவிப்புத்தான் இதை எழுதவைக்கிறது. ஒரு மனிதரின் 35 ஆண்டு உழைப்பிலிருந்து பணத்தை மட்டும் பிரித்தெடுத்து, அந்தப் பணத்துக்குப் பொருள் தந்த அனைத்தையும் 'பொருந்தாது' என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிட்டு, அவர் பெயரை மட்டும் தலைப்பில் வைத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பொருளியலில் ஆய்வு செய்வதற்காக 1983 முதல் 1987 வரை நான் அங்கே இருந்தேன். அவருடைய கடைசி நான்கு ஆண்டுகள் அவை. நூலகத்திலிருந்து இரவு நெடுநேரம் கழித்து விடுதிக்குத் திரும்பும்போது, பொன் குவிமாடத்தைத் தாங்கி நிற்கும் முதன்மைக் கட்டடத்தில் ஒரு சன்னலில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அது தலைவரின் அறை என்பது முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடும். பகலெல்லாம் வெளியூரில் இருந்துவிட்டு வந்தாலும் நள்ளிரவு கடந்து அவர் அங்கே வேலை செய்வார். விளக்கு எரிவதைப் பார்த்து, தீ விபத்துக்கான இரும்புப் படிக்கட்டு வழியாக ஏறிச் சன்னலைத் தட்டிய மாணவர்களைப் பற்றிய கதைகள் அந்த வளாகத்தில் தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்டன. நான் ஒருநாளும் அந்தப் படிக்கட்டில் ஏறியதில்லை. ஏறினால் கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பே, பனிக்காலத்தில் தஞ்சை மாவட்டத்துப் பெண் ஒருத்திக்குப் போதுமானதாக இருந்தது.

இனி 1967க்கு வருகிறேன். நோட்டர் டேமை 1842 இல் தொடங்கியவர் திருச்சிலுவைச் சபை என்ற அந்தத் துறவற சபையைச் சேர்ந்த அருள்தந்தை எட்வர்ட் சொரின். அன்றிலிருந்து 125 ஆண்டுகள் நிலமும் கட்டடமும் கருவூலமும் நியமனமும் சபையின் கையில்தான் இருந்தன. அந்த உரிமையை 1967 இல் சபை தானே முன்வந்து விட்டுக்கொடுத்தது. அரசு பறிக்கவில்லை, கடன்காரர் நெருக்கவில்லை, நீதிமன்றம் ஆணையிடவில்லை. கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையில் பொதுநிலையினரின் பங்கைப் பற்றிச் சொன்னதை ஏட்டில் வைத்துவிடாமல் தம் வீட்டிலேயே செயலாக்க வேண்டும் என்று ஹெஸ்பர்க் தம் சபைச் சகோதரர்களிடம் வாதாடினார். அவர்களும் கூடிப் பேசி ஒப்புக்கொண்டார்கள். பெரும்பாலும் பொதுநிலையினர் அடங்கிய அறங்காவலர் குழு அமைந்தது. அதன் முதல் தலைவராக எட்மண்ட் ஸ்டீஃபன் என்ற சிகாகோ வழக்கறிஞர் பொறுப்பேற்றார். அதற்கும் மேலே பன்னிருவர் கொண்ட மூலக்குழு ஒன்று உண்டு. அதில் அறுவர் சபைக் குருக்கள், அறுவர் பொதுநிலையினர். பல்கலைக்கழகத்தின் கத்தோலிக்கத் தன்மையைக் காப்பது அந்தப் பன்னிருவரின் கடமை. தலைவராக வருபவர் அந்தச் சபையின் குருவாகவே இருக்க வேண்டும் என்ற விதியும் இன்றுவரை மாறவில்லை.

எதையும் இழக்காமல் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. தலைவராக இருக்கும் ஒருவர், தம்மை நியமிக்கவும் கேள்வி கேட்கவும் நீக்கவும் அதிகாரம் கொண்ட ஒரு குழுவைத் தாமே உருவாக்கி, அதன்முன் போய் நின்றார் என்பதை நினைத்துப் பாருங்கள். உங்கள் அட்டவணையில் உள்ள உயர்வில் பெரும்பகுதி இந்த மாற்றத்துக்குப் பின் வந்தது. பொறுப்பு தரப்பட்ட பொதுநிலையினர் தம் சொந்த வீட்டுக்கு உழைப்பதுபோல் உழைத்தார்கள் என்பதே அதற்கு முதற்காரணம் என்று அங்கிருந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் அப்படியே நம்புகிறேன். காரணத்தை நீக்கிவிட்டு விளைவை மட்டும் புதிய முதல்வர்களுக்குக் காட்டினால் அவர்கள் எதைக் கற்றுக்கொள்வார்கள்?

அதே 1967 ஜூலையில், விஸ்கான்சின் மாநிலத்தின் லேண்ட் ஓ லேக்ஸ் என்ற ஏரிப்பகுதியில், கத்தோலிக்கக் கல்வியாளர்கள் 26 பேர் அவருடைய அழைப்பின்பேரில் கூடி ஓர் அறிக்கையில் ஒப்பமிட்டார்கள். கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் உண்மையிலேயே பல்கலைக்கழகமாக இருக்க வேண்டுமானால், திருச்சபை அதிகாரமோ உலக அதிகாரமோ எதுவானாலும் அதன்முன் தன்னாட்சியும் கற்பிக்கும் உரிமையும் அதற்கு வேண்டும் என்பதே அதன் சாரம். கத்தோலிக்க அடையாளம் நீர்த்துப்போக அந்த அறிக்கையே வழிவகுத்தது என்று குறை சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அக்கறையிலிருந்து எழும் குறைதான் அது. அதையும் கையேட்டில் போடுங்கள். ஆனால் இறையியல் அங்கே உயிரோடு இருக்க வேண்டும், மற்றத் துறைகளோடு உரையாட வேண்டும் என்று அதே அறிக்கை வற்புறுத்தியதையும் சேர்த்துப் போடுங்கள்.

இந்த நிலைப்பாடு 1967 இல் திடீரென்று முளைத்ததும் அல்ல. அவர் தலைவராகி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த 1954 இல், சமயச் சுதந்தரத்தைப் பற்றி எழுதிவந்த இயேசு சபைக் குரு ஜான் கோர்ட்னி மர்ரியின் கட்டுரை அடங்கிய நூலை நோட்டர் டேம் வெளியிட்டது. அதைத் திரும்பப் பெறும்படி உரோமையிலிருந்து, திருச்சபையின் கோட்பாட்டைக் கண்காணிக்கும் அலுவலகத்தின் கர்தினால் ஒத்தாவியானியிடமிருந்து, அழுத்தம் வந்தது. ஹெஸ்பர்க்குக்கு அப்போது வயது 37. பணிந்து நூலைத் தள்ளிவிட அவர் மறுத்தார். பின்னர் 1965 டிசம்பரில் வத்திக்கான் சங்கம் சமயச் சுதந்தரம் பற்றிய ஏட்டை ஏற்றபோது, மர்ரியின் சிந்தனை அதில் ஆழப் பதிந்திருந்தது. கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்த ஒரு துறவி, திருச்சபையின்மேல் கொண்ட அன்பாலேயே ஒரு பேராசிரியருக்காக நின்றார். பேராசிரியர்கள் பேச அஞ்சும் கல்லூரிகளில் பொறுப்பேற்கப் போகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் எது?

குடிமை உரிமைப் பணியைப் பற்றி உங்கள் கையேடு 'தேசிய அளவிலான பல குழுக்களில் பணியாற்றினார்' என்ற ஒரே தொடரில் கடந்துவிடுகிறது. அந்தத் தொடருக்குள் என்னென்ன இருக்கின்றன என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கறுப்பின மக்கள் வாக்களிக்கத் தடுக்கப்படுவதை விசாரிக்க 1957 இல் அமைக்கப்பட்ட குடிமை உரிமை ஆணையத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் அவரை உறுப்பினராக்கினார். அறுவர் கொண்ட அந்த ஆணையத்தில் தென்மாநிலங்களைச் சேர்ந்தவர்களும் வடமாநிலங்களைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். நிறப்பாகுபாட்டைச் சரியென்று கருதியவர்களும் அவர்களுள் உண்டு. லூயிசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரில் 1959 ஜூலையில் அவர்கள் நடத்தவிருந்த விசாரணையை நீதிபதி ஒருவர் தடுத்துவிட்டார். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே இடத்தில் தங்க வழியில்லாததால் எல்லாரும் ஒரு விமானப்படைத் தளத்தில், கொதிக்கும் வெயிலில் தங்கியிருந்தார்கள். அங்கே உட்கார்ந்து அறிக்கை எழுதினால் சண்டைதான் மிஞ்சும் என்று கண்ட ஹெஸ்பர்க், விமானம் ஒன்றை ஏற்பாடு செய்து, எல்லாரையும் நான் மேலே சொன்ன அதே லேண்ட் ஓ லேக்ஸுக்கு அழைத்துப் போனார். அந்த அறுவருக்கும் பொதுவாக இருந்தது மீன்பிடிப்பதில் இருந்த ஆசை. இரவு உணவுக்குப் பின் ஏரியில் தூண்டில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள், 12 பரிந்துரைகளுள் 11ஐ ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள். அவற்றுள் பல, 1964 ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்திலும் 1965 ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்திலும் பின்னாளில் இடம்பெற்றன.

1964 ஜூன் 21 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் மார்ட்டின் லூதர் கிங்கோடு கைகோத்துப் பாடிக்கொண்டு நிற்கும் அவருடைய படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாஷிங்டனில் உள்ள தேசிய உருவப்படக் கூடத்தில் அது இருக்கிறது. கையேட்டின் அட்டையிலோ அவர் நன்கொடையாளர் ஒருவரோடு நிற்கும் படம் இருக்கிறது. 1969 இல் அதே ஆணையத்தின் தலைவரான அவர், குடியரசுத் தலைவர் நிக்சனின் அரசு குடிமை உரிமைச் சட்டங்களைச் செயல்படுத்தாமல் கிடப்பில் போடுவதை வெளிப்படையாகக் கண்டித்து அறிக்கை வெளியிட்டார். 1972 நவம்பரில் நிக்சன் மீண்டும் வென்ற சில நாள்களிலேயே அவர் பதவி விலகும்படி கேட்கப்பட்டார். 15 ஆண்டுகள் வகித்த பொறுப்பு அப்படி முடிந்தது. ஆட்சியாளரிடம் நல்ல பெயர் வாங்குவது கல்வி நிறுவனத்துக்கு நன்மை தரும் என்று உங்கள் பயிற்சியில் ஒருவர் சொன்னபோது இந்தச் செய்தியே என் நினைவுக்கு வந்தது.

அணுசக்தியை அமைதிக்குப் பயன்படுத்தும் பன்னாட்டு முகமையில் வத்திக்கானின் பிரதிநிதியாக அவர் இருந்ததையும், குடியேற்றக் கொள்கை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியதையும் பெயரளவில் குறிப்பிட்டாலே போதும். ஒன்றை மட்டும் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன். ஐ.ஆர்.8 நெல்லை உருவாக்கிய பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையத்தை 1960 இல் ஃபோர்டு அறக்கட்டளையோடு சேர்ந்து நிறுவியது ராக்ஃபெல்லர் அறக்கட்டளை. அதன் அறங்காவலராக 1961 முதல் இருந்து, பின்னர் தலைவராகவும் ஆனவர் ஹெஸ்பர்க். எங்கள் வயலில் அந்தக் குட்டை நெல்லை முதன்முதலாக நட்டபோது நான் சிறுமி. அந்த நெல்லின் நன்மை தீமைகளைப் பற்றி இன்று பலவாறு பேசுகிறார்கள். அந்த வாதத்துக்குள் இங்கே போகவில்லை. பசியைப் பற்றிக் கவலைப்படுவதும் ஒரு கல்லூரித் தலைவரின் வேலைதான் என்று அவர் நினைத்தார் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவரைப் புனிதராக்கிக் காட்ட நான் கேட்கவில்லை. 1969 பிப்ரவரியில், வளாகத்தில் வலுக்கட்டாயமாகப் பணிகளைத் தடுப்பவர்களுக்குச் சிந்திக்க 15 நிமிடம் தரப்படும், அதன்பிறகும் கலையாதவர்கள் நீக்கப்படுவார்கள் என்று மாணவர்களுக்கு அவர் எழுதிய கடிதம் கடுமையானது. நிக்சன் அதைப் பாராட்டினார். ஆனால் அதைச் சாக்காக வைத்து மாணவர்களை ஒடுக்கச் சட்டம் கொண்டுவர வேண்டாம் என்று அரசுக்கு எழுதியவரும் அவரே. வியட்நாம் போரை எதிர்த்துப் பேசியவரும் அவரே. இளங்கலை வகுப்புகளில் பெண்களைச் சேர்த்தது 1972 இல்தான். அவருடைய ஆட்சியில் 20 ஆண்டுகள் அதற்குப் பிடித்தன. அங்கே படித்த பெண் என்ற முறையில், அந்தத் தாமதத்தை நான் மறக்கவில்லை. தவறியவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான், இன்று முதல்வராகும் ஓர் இளம் குருவோ சகோதரியோ அவரிடம் நெருங்க முடியும்.

ஊதியம் பெறாமல், ஒரு சிறிய அறையில் சபைச் சகோதரர்களோடு வாழ்ந்து, நாள்தோறும் திருப்பலி ஒப்புக்கொடுத்து, எந்த முடிவுக்கு முன்னும் 'தூய ஆவியே, எழுந்தருளி வாரும்' என்று மன்றாடியவர் அவர். 1987 இல் பொறுப்பை அருள்தந்தை எட்வர்ட் மல்லாயிடம் ஒப்படைத்ததும், தம் பழைய துணைவரான அருள்தந்தை எட்மண்ட் ஜாய்ஸோடு ஒரு வண்டியில் ஏறி அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளைச் சுற்றப் புறப்பட்டுவிட்டார். புதியவர் தம் விருப்பப்படி வேலையைத் தொடங்க வேண்டும், தம் நிழல் அங்கே விழக் கூடாது என்பதற்காகவே அவ்வாறு விலகிப்போனார். முதுமையில் கண்பார்வை மங்கியபோது, அவருடைய பெயர் தாங்கிய அதே நூலகத்தின் 13ஆம் தளத்தில் இருந்த அறையில் மாணவர்கள் வந்து நாளிதழ் படித்துக் காட்டினார்கள். 2015 பிப்ரவரி 26 அன்று 97 வயதில் இறந்தார். மற்றக் குருக்களின் கல்லறைகளில் நிற்பது போன்ற ஓர் எளிய கற்சிலுவைதான் அவருடைய கல்லறையிலும் நிற்கிறது.

'பொருந்தாது' என்ற உங்கள் விடைக்கு இப்போது வருகிறேன். கத்தோலிக்கக் கல்லூரி ஒன்றில் 28 ஆண்டுகள் கற்பித்தேன். ஆட்சிக்குழுவில் ஆசிரியர் பிரதிநிதியாக இரண்டு முறை இருந்தேன். முடிவுகள் சபை இல்லத்தில் முன்னரே எடுக்கப்பட்டிருக்கும். எங்களிடம் தீர்மானம் படிக்கப்பட்டுக் கையொப்பம் வாங்கப்படும். ஒருமுறை வரவு செலவுக் கணக்கைக் கேட்டதற்கு, அடுத்த கூட்டத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. தந்தையைக் கடலில் இழந்த ஒரு மாணவியின் தேர்வுக் கட்டணத்துக்குத் தவணை கேட்டு, அவளோடு செயலர் அறையின் வாசலில் மூன்று நாள் காத்திருந்தேன். மூன்றாம் நாள் மாலையும் கதவு திறக்கவில்லை; ஆசிரியர் அறையில் எல்லாரும் சேர்ந்து பணம் கட்டினோம். அந்த மூன்று நாளும் எரிந்துகொண்டிருந்த ஒரு சன்னல் விளக்கைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் செயலர் கெட்டவர் அல்லர். கதவைத் திறந்து வைப்பது தம் பணியின் பகுதி என்று அவருக்கு யாரும் எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை. எனக்கு எழுத்தறிவித்தவர்கள் அருள்சகோதரியர்; என் படிப்புக்கு உதவி வாங்கித் தந்தவர் ஒரு பங்குத்தந்தை. அந்தக் கடனை நான் மறுக்கவில்லை, அதனால்தான் வாய்மூடி இருக்கவும் முடியவில்லை.

ஆட்சிக்குழுவில் பொதுநிலையினருக்கு வாக்குரிமை தந்தால் சிறுபான்மை உரிமைக்கு ஆபத்து வரும் என்று தேநீர் இடைவேளையில் உங்களில் ஒருவர் என்னிடம் விளக்கினார். அரசமைப்பின் 30ஆம் உறுப்பு கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைச் சிறுபான்மைச் சமூகத்துக்குத் தருகிறது. குருக்களுக்கும் துறவியருக்கும் மட்டும் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்ற நானும் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவளே. கத்தோலிக்கத் தன்மையைக் காக்கக் குருக்களையும் பொதுநிலையினரையும் சரிபாதியாக அமரவைக்கும் முறையை நோட்டர் டேம் 1967 முதல் கடைப்பிடித்து வருகிறது. பொருந்துமா என்று ஆராய்ந்து பார்த்துவிட்டு மறுத்திருந்தால் உங்கள் மறுப்பை மதித்திருப்பேன்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். கையேட்டை இப்போதுள்ள வடிவில் அச்சுக்கு அனுப்புவதை நிறுத்துங்கள். ஹெஸ்பர்க்கைப் பற்றிய பக்கங்களில் 1954, 1959, 1967, 1972 ஆகிய ஆண்டுகளில் நடந்தவற்றைச் சேர்த்து, அவர்மீது வைக்கப்படும் குறைகளோடு மீண்டும் எழுதுங்கள். அந்த வேலையில் பொதுநிலை ஆசிரியர் இருவரையேனும் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் ஏதும் பெறாமல் உதவ நான் அணியமாக இருக்கிறேன். அடுத்த பயிற்சியில், ஆட்சிக்குழுவில் பொதுநிலையினருக்கு வாக்குரிமையுள்ள இடங்கள் தருவது பற்றி அரை நாள் ஒதுக்கி, சபைத் தலைவர்களையும் சட்டம் அறிந்தவர்களையும் அழைத்து, எங்கள் முன்னிலையில் விவாதியுங்கள். ஆண்டு வரவு செலவுக் கணக்கு ஆசிரியர் பேரவையின் முன் வைக்கப்பட வேண்டும் என்பதைக் கையேட்டின் நிர்வாக விதிகளில் எழுதுங்கள். முன் அனுமதி இல்லாமல் எந்த மாணவரும் வந்து பேசக்கூடிய ஒரு மணி நேரத்தை ஒவ்வொரு வேலைநாளிலும் முதல்வரும் செயலரும் ஒதுக்க வேண்டும் என்பதையும், அந்த நேரத்தை அறை வாசலில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இவற்றுள் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று கையேடு அச்சேறும் முன் எழுத்தில் விடை தாருங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியர் ஒருத்தி